இருபதடிக் குடம்

திருப்புல்லாணிக்கும் கீழக்கரைக்கும் நடுவில், சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஆலங்கோரை என்று ஒரு கிராமம். அங்கே ஐம்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்த ஊருணி உரிமைப் போராட்டத்தின் பொன்விழாவைச் சீரும் சிறப்புமாகக் கொண்டாடுவதென்று அரசு முடிவு செய்தது. பொன்விழா ஐம்பதாவது ஆண்டில் அல்லவா வர வேண்டும் என்று கேட்பவர்கள் கோப்புகளோடு பழகாதவர்கள். ஐம்பதாவது ஆண்டில் கோப்பு புறப்பட்டது. ஐம்பத்திரண்டாவது ஆண்டில் வந்து சேர்ந்தது. வழியில் அது யார் யார் மேசையில் படுத்து எழுந்தது என்பதை எழுதப் போனால் அதுவே தனிக் கதையாகிவிடும்.

கோப்பு வந்து சேர்ந்த தை மாதத்துக் காலையில், மீனம்மாள் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். வயது எழுபத்தொன்று. குடத்தோடு அன்றைக்குப் போன நாற்பத்துமூன்று பேரில் முதலில் படியிறங்கியவள் அவள். இப்போது மிச்சமிருப்பதும் அவள் ஒருத்திதான்.

போராட்டத்துக்கு முன்னால் ஊர் வழக்கம் இப்படி: கீழத்தெருப் பெண்கள் குடத்தோடு ஊருணிக் கரைக்குக் கீழே நிற்க வேண்டும். மேலத்தெருவிலிருந்து யாராவது மனம் வைத்து, தாங்கள் மோந்த தண்ணீரை உயரத்தில் பிடித்து, பட்டுவிடாமல் ஊற்றுவார்கள். மனம் வைக்க ஆள் வராத நாளில் நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். அப்படி நிற்பதற்கு மரியாதை என்று பெயர். பத்தொன்பது வயது மீனம்மாளுக்கு ஒரு பங்குனி மாதத்தில் அந்த மரியாதை அலுத்துப்போனது. கரையேறினாள். கோடைக்கு வற்றி, தண்ணீர் ஒன்பதாம் படிக்குப் போயிருந்தது. ஒன்பது படியும் இறங்கித் தன் கையால் மோந்தாள். மண்குடம் ஒரு தடியடியில் உடைந்தது. அடுத்த அடியில் முழங்கை உடைந்தது. மேலத்தெருப் பெரிய விவசாயி செல்லச்சாமி புகார் எழுதிக் கொடுத்தார். பொதுக் குடிநீரை அசுத்தம் செய்தார்கள் என்று வழக்கு. நாற்பத்துமூன்று பேருக்கும் பதினைந்து நாள் சிறை. அப்புறம் கூட்டம், சமாதானம், வழக்கு வாபஸ். ஊருணி இரண்டு தெருவுக்கும் பொதுவானது.

அன்றிலிருந்து இரண்டு தெருவும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறது. கடல் பக்கம் என்பதால் ஆழ்குழாய் போட்டால் உப்புத்தான் வரும். வீட்டுக் குழாயில் பதினைந்து நாளைக்கு ஒருமுறை காற்று வரும், அதன் பின்னாலேயே கொஞ்சம் தண்ணீரும் வரும். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் ஊருணி நிறைந்துவிட்டால் ஆடி மாதம்வரை யாரும் யாரிடமும் கையேந்த வேண்டாம். செருப்பைக் கரையில் விட்டுவிட்டு, கால் நனையாமல் கடைசிக் காய்ந்த படியில் நின்று மோக்க வேண்டும். ஊரில் சின்னக் குழந்தைக்குக்கூட இந்த ஒழுங்கு தெரியும். மீனம்மாளுக்கு நிலமில்லை, நகையில்லை. சொத்து என்று அவள் மனசுக்குள் வைத்திருந்தது அந்த ஊருணியைத்தான். தினமும் காலையில் இறங்கும்போது படிகளை எண்ணுவாள். அதில் அவளுக்கு ஒரு சந்தோஷம்.

"நீங்கதான் மீனம்மாளா?" என்று கேட்டுக்கொண்டு ஒருவர் வந்து நின்றார். அவர் பெயர் மாரிச்செல்வம். பதவி, தனி வட்டாட்சியர், அடைப்புக்குறிக்குள் நினைவேந்தல். மறந்துபோனவற்றை முறைப்படி நினைவுகூர்வதற்காகப் புதிதாக உருவாக்கப்பட்ட பதவி.

"ஆமா சார்."

"போராட்டத்துல கலந்துக்கிட்ட மீனம்மாளா?"

"அந்த மீனம்மாதான்."

"அதுக்கு அத்தாட்சி ஏதாவது வச்சிருக்கீங்களா?"

மீனம்மாள் இடது முழங்கையைத் திருப்பித் தழும்பைக் காட்டினாள். மாரிச்செல்வம் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து கவனமாகப் பார்த்தார்.

"இதுல தேதி இல்லையேம்மா."

"அடிச்சவுக தேதி போட்டு அடிக்கல சார்."

"சரி. உங்ககூட வந்தவங்க யாராவது சாட்சி சொல்வாங்களா?"

"நாப்பத்திரண்டு பேரும் சுடுகாட்டுல இருக்காக. போய்க் கேட்டுப் பாருங்க."

மாரிச்செல்வம் குறிப்பேட்டில் 'சாட்சிகள் தற்சமயம் ஊரில் இல்லை' என்று எழுதிக்கொண்டார். நல்ல மனிதர்தான். காகிதத்தில் இல்லாத எதையும் அவரால் நம்ப முடியாது, அவ்வளவுதான்.

அப்போது பாண்டித்துரை வந்து சேர்ந்தார். செல்லச்சாமியின் மகன். போராட்டத்தின்போது ஒன்பது வயது. இன்றைக்குப் பொன்விழாக் குழுவின் தலைவர். அந்தப் பதவிக்கு அவர் பெயரை மேலத்தெரு முன்மொழிந்தது, கீழத்தெரு வழிமொழிந்தது. வேறு யாரிடமும் கார் இல்லை.

"சார், அத்தாட்சி எங்கிட்ட இருக்கு. எங்க அய்யா குடுத்த புகாரோட நகல். பீரோவுல பத்திரமா வச்சிருக்கேன். அதுல முதல் பேரே மீனம்மாக்கா பேருதான்" என்றார். அதிகாரி இல்லாத நேரத்தில் இந்த 'அக்கா' வெளியே வருவதில்லை.

நகல் வந்தது. அதை ஆதாரமாகக் கொண்டு மூன்றாம் நாளே சான்றிதழும் வந்தது. மாரிச்செல்வம் வாசித்துக் காட்டினார்: "மேற்படி மீனம்மாள், மேற்படி தேதியில், மேற்படி பொதுக் குடிநீரை அசுத்தம் செய்தவர் என்பது ஆவணங்களின் வாயிலாக ஐயமறத் தெரியவருவதால், மேற்படியாரை அரசு விழாவில் கௌரவிப்பதில் ஆட்சேபணை ஏதுமில்லை."

"நான் எங்க சார் அசுத்தம் பண்ணுனேன்? தண்ணி மோந்தேன்."

"ஆவணத்துல அப்படி இல்லையேம்மா. நீங்க அசுத்தம் பண்ணலைன்னா போராட்டத்துலயே இல்லைன்னு ஆயிரும். எப்படி வசதி?"

மீனம்மாள் யோசித்தாள். அசுத்தம் செய்திருந்தால்தான் வீராங்கனை. கையெழுத்துப் போட்டாள்.

பாண்டித்துரைக்கு அன்றைக்குத்தான் ஒரு பேருண்மை புலப்பட்டது. "பாருங்க சார், எங்க அய்யா மட்டும் அன்னைக்குப் புகார் குடுக்கலைன்னா இன்னைக்கு இந்தப் போராட்டத்துக்கு ஆதாரம் ஏது? எம்புட்டுத் தொலைநோக்கு!" என்றார். மாரிச்செல்வத்தால் இதை மறுக்க முடியவில்லை. மறைந்த செல்லச்சாமிக்கு 'போராட்டத்தை ஆவணப்படுத்திய செம்மல்' என்ற விருது வழங்கக் கோப்பில் ஒரு பத்தி சேர்ந்தது.

அடுத்த வாரம் சென்னையிலிருந்து யுவராணி வந்தாள். நினைவிடங்களுக்கு அனுபவம் வடிவமைத்துக் கொடுப்பது அவள் தொழில். இப்போதெல்லாம் ஒரு இடத்துக்குப் போனால் பார்த்துவிட்டு வந்தால் போதாது, அனுபவிக்க வேண்டும் என்பது நாகரிகமாகிவிட்டது. கைத்தறிச் சேலை, காதில் சுட்ட மண் தோடு, தோளில் சாக்குப் பை. மீனம்மாளின் ரப்பர் செருப்பையும் நைலக்ஸ் சேலையையும் பார்த்துவிட்டு அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

"பாட்டி, அந்த மொமென்ட்ல, ஒன்பதாவது ஸ்டெப்ல நின்னப்ப, உங்களுக்கு என்ன ஃபீல் ஆச்சு?"

"தாகம்."

"அது மேலோட்டமா. இன்னும் ஆழமா, உள்ளுக்குள்ள?"

"ரொம்பத் தாகம்."

யுவராணி பேனாவை மூடிவிட்டாள். பிறகு, "உங்க குடம் என்ன ஆச்சு?" என்றாள்.

"உடைச்சுப்புட்டாக."

யுவராணியின் கண்கள் கலங்கின. "உடைஞ்ச குடம்! சார், இதுதான் நம்ம கான்செப்ட். இருபதடி உயரத்துல ஒரு உடைஞ்ச குடம்."

இருபதடிக் குடத்தை எங்கே வைப்பது? விதியில் தெளிவாகவே இருந்தது: நினைவுச்சின்னம் சம்பவம் நடந்த இடத்திலேயே அமைய வேண்டும். சம்பவம் நடந்தது ஒன்பதாம் படியில். ஒன்பதாம் படியோ தை மாதத்தில் தண்ணீருக்கு அடியில் கிடந்தது. மாரிச்செல்வம் கரையில் நின்று அளந்து பார்த்துவிட்டு அறிக்கை அனுப்பினார்: 'நினைவிடத்துக்கு உரிய நிலத்தைத் தற்போது தண்ணீர் ஆக்கிரமித்துள்ளது.' ஆக்கிரமிப்பு என்ற சொல் ஒரு கோப்பில் ஏறிவிட்டால் அதை அகற்றாமல் விடுவது அரசுக்கு அழகில்லை. அகற்றும்படி உத்தரவு வந்தது.

மீனம்மாள் மாரிச்செல்வத்தைத் தேடிப் போனாள். "சார், சிலையக் கரையில வச்சா ஆகாதா?"

"கரையில போராட்டம் நடக்கலையேம்மா. கரையோட நின்னது அதுக்கு முந்தின வழக்கம். கரையில சிலை வச்சா அந்தப் பழைய வழக்கத்துக்குச் சிலை வச்ச மாதிரி ஆயிரும். உங்களுக்கு அது அவமானம் இல்லையா?"

"ஊருணிய இறைச்சுப்புட்டா நாங்க குடிக்க எங்கன போறது?"

"லாரி வரும்."

"லாரி வராத அன்னைக்கு?"

"அம்மா, இதெல்லாம் உங்க உரிமைக்காகச் செய்யறது. நீங்களே குறுக்க நிக்கலாமா?"

மீனம்மாள் விடவில்லை. திங்கட்கிழமை மனு வாங்கும் கூட்டத்துக்கு பஸ் ஏறிப் போய் மனு கொடுத்தாள். பதில் வந்தது: 'தங்கள் மனு கனிவுடன் பரிசீலிக்கப்பட்டது. மேற்படி ஊருணியில் தங்களுக்குள்ள உரிமையை நினைவுகூரும் பணி நடைபெறவிருப்பதால், பணி முடியும்வரை மேற்படி உரிமையைப் பயன்படுத்த வேண்டாமெனக் கேட்டுக்கொள்ளப்படுகிறது.'

கீழத்தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். அவள் அண்ணன் மகன் பிரபு வார்டு உறுப்பினர். விழாக் குழு கொடுத்த வெள்ளைப் பனியனில் உடைந்த குடத்தின் படத்தோடு நின்றான்.

"அத்தே, நம்ம பெருமைக்குத்தான கட்டுறாக. இத்தன வருஷம் நம்மளத் திரும்பிப் பாத்தாகளா? இப்பப் பாக்குறாக. நாமளே வேணாம்னு சொன்னா நல்லாவா இருக்கும்?"

"ஏலே, பெருமைய ஒரு செம்புல ஊத்திக் குடு, குடிச்சுப் பாக்குறேன்."

"ஒங்களுக்கு எப்பவும் எடக்குத்தான் அத்தே."

மறுநாள் காலை படித்துறையில், பாண்டித்துரையின் மனைவி கனகலட்சுமி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள். "மீனம்மா, நீ தடுக்கக் கூடாதா? எங்க வீட்டு ஆளு தலைவர் மாலைய நெனச்சுக்கிட்டு அலையுறாக. நாங்க தடுத்தோம்னு வையி, இன்னும் சாதி புத்தி போகலைன்னு பேப்பர்ல போட்டுருவாக."

"நான் தடுத்தா நன்றி கெட்டவங்கிறாக தாயி."

இருவரும் குடத்தை நிரப்பிக்கொண்டு அவரவர் தெருவுக்குப் போனார்கள். ஊரில் ஒரு ஆளுக்குக்கூட ஊருணியை இறைப்பதில் இஷ்டமில்லை. மேலத்தெரு கெட்ட பெயருக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டது. கீழத்தெரு நல்ல பெயருக்கு ஆசைப்பட்டு வாயை மூடிக்கொண்டது. இரண்டு தெருவும் ஒரே விஷயத்தில் ஒரே மாதிரி நடந்துகொண்டது ஆலங்கோரை வரலாற்றில் அதுவே முதல் தடவை.

கடைசியாக மீனம்மாள், குடத்தோடு படியில் உட்கார்ந்துவிடுவதென்று முடிவு செய்து காவல் நிலையத்தில் அனுமதி கேட்டாள். கிடைக்கவில்லை. அதே இடத்தில் பழைய போராட்டத்தை விழாவில் நடித்துக் காட்ட ஏற்கெனவே அனுமதி கொடுத்தாகிவிட்டது. நடிக்கும் போராட்டம் நடக்கவிருக்கும் இடத்தில் நிஜப் போராட்டம் நடந்தால் சட்டம் ஒழுங்கு கெடும் என்று விளக்கினார்கள்.

நடிப்புக்கு ஒத்திகை தொடங்கியது. அங்கே ஒரு சிக்கல். மேலத்தெருவில் அத்தனை பேரும் போராட்டக்காரர்களாகத்தான் நடிப்போம் என்றார்கள். தடுத்தவர்களாக நடிக்க ஒருவரும் முன்வரவில்லை. அன்றைக்குத் தடுத்தவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் தங்கள் தாத்தா உள்ளூர ஆதரித்தார் என்பது எப்படியோ தெரிந்திருந்தது. சிறைக்குப் போனவர்கள் கூட்டத்தில் பாண்டித்துரை முதல் ஆளாக நின்றார். மீனம்மாளாக நடிக்கக் கீழக்கரைக் கல்லூரியிலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டி வந்தார்கள். மீனம்மாள் அந்த வேடத்துக்குப் பொருத்தமாக இல்லை என்று யுவராணி வருத்தத்தோடு சொல்லிவிட்டாள்.

"அப்ப எனக்கு என்ன வேசம்?"

"நீங்க கரையில நின்னு தடுக்கிற கூட்டத்துல இருங்க பாட்டி. 'இறங்காதே'ன்னு கத்தணும். அவ்வளவுதான்."

ஆக, மீனம்மாள் கரையில் நின்றாள். அவள் கத்த வேண்டிய நேரத்தில் தண்ணீர் இறைக்கும் ஆயில் இஞ்சினைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் பூட்ஸ் காலோடு படியில் இறங்கினார்கள். மாரிச்செல்வமும் பளபளக்கும் கறுப்பு ஷூவோடு பின்னால் இறங்கினார்.

"இறங்காதலே! செருப்பக் கழட்டுங்கடா! குடிக்கிற தண்ணிடா அது! இறங்காத!"

தொண்டை கிழியக் கத்தினாள். கண்ணில் நீர் கொட்டியது. யுவராணி கைதட்டினாள். "சூப்பர் பாட்டி! அப்படியே விழா அன்னிக்கும் பண்ணிடுங்க!"

இஞ்சின் மூன்று பகல் ஓடியது. நல்ல தண்ணீர் அத்தனையும் கருவேலங்காட்டுக்குள் போய்ச் சேர்ந்தது. ஒன்பதாம் படி, பத்தாம் படி, அதற்கும் கீழே மீனம்மாள் ஆயுசில் பார்த்திராத படிகளெல்லாம் வெளியே வந்தன. அவள் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். கை உடைந்த அன்றைக்கு அழாதவள்.

போராட்டம் நடந்தது பங்குனியில். ஒப்பந்தக்காரர் வேலையை முடித்தது ஆடியில். எனவே விழா ஆடியில் என்று அறிவிக்கப்பட்டது. ஊருணியை இறைத்ததிலிருந்து ஐந்து மாதமும் லாரி, நினைத்தால் வந்தது. ஊருணியின் அடியைப் பத்தாம் படிவரை மண்ணால் தூர்த்துச் சிமெண்டு பூசி, ஓடு பதித்திருந்தார்கள். மழைத்தண்ணீர் வரும் கால்வாயை அடைத்துவிட்டார்கள். சேற்றுத் தண்ணீர் வந்தால் ஓடு கறைபடும் அல்லவா. சுற்றிலும் கம்பி வேலி. வாசலில் தலையை நுழைத்துப் படம் எடுத்துக்கொள்ள ஓட்டை போட்ட ஒரு அட்டை, 'நீங்களும் போராளி ஆகுங்கள்' என்ற வாசகத்தோடு. நடுவில் அந்த இருபதடி உடைந்த குடம். அதன் அருகில் ஒரு பளிங்குப் பலகை: 'இது பாதுகாக்கப்பட்ட நினைவிடம். இதனுள் இறங்குவதும் தண்ணீர் எடுப்பதும் தண்டனைக்குரிய குற்றம்.' பழைய காலத்தில் இதை யாரும் எழுதி வைத்ததில்லை.

விழாவுக்கு நாலு நாள் இருக்கையில், குடத்தைச் சுற்றித் தண்ணீர் தேங்கி நின்றால்தான் அனுபவம் முழுமையடையும் என்று யுவராணி சொன்னாள். ஊருக்கு வந்துகொண்டிருந்த இரண்டு லாரியும் நாலு நாளும் அங்கேயே தண்ணீரைக் கொட்டின. வந்த தண்ணீர் கேமராவில் தண்ணீர் மாதிரித் தெரியவில்லை. வெள்ளைத் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை வாங்கி வந்து, 'காட்சி அழகூட்டல்' என்ற தலைப்பில் முறைப்படி அனுமதி பெற்று, பாட்டில் பாட்டிலாகக் கலந்தார்கள். அப்புறம் தெரிந்தது.

விழா நாள். மேடையில் சென்னையிலிருந்து வந்த சிறப்பு விருந்தினர். மாலைகள், பொன்னாடைகள். செல்லச்சாமியின் விருதைப் பாண்டித்துரை கண்ணைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். நிகழ்ச்சி நிரலில் கடைசி இனம்: மீனம்மாள் குனிந்து மோப்பதுபோல் பாவனை செய்வாள். மேடைக்குப் பின்னால் அலங்காரப் பானையில் பாட்டில் தண்ணீர் தயாராக இருக்கும். அதை விருந்தினருக்குக் கொடுப்பாள். சமத்துவம் மலரும்.

மீனம்மாள் தன் பச்சை பிளாஸ்டிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். நாலு நாளாக வீட்டில் தண்ணீர் இல்லை. நேராகப் படியிறங்கினாள். செருப்பைப் பழக்கத்தில் கரையிலேயே விட்டிருந்தாள். வாய்க்குள் எண்ணிக்கொண்டே போய், ஒன்பதாம் படியில் நின்று, பாவனை எதுவும் செய்யாமல் நிறைய மோந்தாள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. எத்தனை இயல்பான நடிப்பு!

ஒலிபெருக்கி முழங்கியது: "இதோ, வீரத்தாய் மீனம்மாள் தன் பொற்கரத்தால் நீர் வழங்குகிறார்!"

விருந்தினர் கையை நீட்டிவிட்டார். மேடையில் இருந்த கண்ணாடி டம்ளரில் மீனம்மாள் குடத்தைச் சாய்த்து ஊற்றி அவர் கையில் கொடுத்தாள். டம்ளரில் வானம் மாதிரி நீலம்.

"குடிங்க சாமி."

விருந்தினர் டம்ளரைப் பார்த்தார். எதிரே பதினாறு கேமரா. குடித்தால் வயிறு போகும். குடிக்காவிட்டால், தண்ணீர் உரிமை நினைவிடத்தில், மீனம்மாள் கையால் கொடுத்த தண்ணீரைத் தொடாதவர் என்று பெயர் போகும். அவர் அருகில் இருந்த பெரிய அதிகாரியைப் பார்த்தார். பெரிய அதிகாரி தனக்கு அடுத்தவரைப் பார்த்தார். அவர் அவருக்கு அடுத்தவரைப் பார்த்தார். டம்ளர் மேடையில் கைமாறிக் கைமாறி வந்தது. கடைசியாக மாரிச்செல்வத்தின் கையில் வந்து நின்றது. அவர் திரும்பிப் பார்த்தார். பின்னால் நின்ற கிராம நிர்வாக அலுவலர் அவசரமாக ஒரு போன் பேசப் போயிருந்தார்.

"சிறப்பு விருந்தினர் சார்பில், உரிய அதிகாரப் பகிர்வின்படி, தனி வட்டாட்சியர் நீரை அருந்துவார்!" என்றது ஒலிபெருக்கி.

மாரிச்செல்வம் கண்ணை மூடிக்கொண்டு அருந்தினார். கடமையில் ஒரு சொட்டுக்கூட மிச்சம் வைக்கவில்லை. அரை மணி நேரத்தில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நாக்கு நீலமாகவே இருந்தது.

அரசு அலுவலர் ஒருவர் பணிநேரத்தில் வாந்தியெடுத்தால் யாராவது பொறுப்பேற்க வேண்டும். நீலம் பொறுப்பாக முடியாது. அது அனுமதி பெற்ற நீலம். அனுமதி பெறாமல் அந்தத் தண்ணீருக்குள் இறங்கியது மீனம்மாளின் கை மட்டும்தான். மாரிச்செல்வம் கட்டிலில் சாய்ந்தபடியே புகார் தயாரித்தார். புதிதாக எழுதும் சிரமமில்லை. செல்லச்சாமியின் நகல் கோப்பிலேயே இருந்தது. 'மேற்படி மீனம்மாள் மேற்படி ஊருணியில் இறங்கி மேற்படி பொதுக் குடிநீரை அசுத்தம் செய்தார்.' தேதியும் புகார்தாரர் பெயரும் மட்டும் மாறின.

அன்று சாயங்காலம் நினைவிடத்து வாசலில் வைத்து விசாரணை. சமூக நல்லிணக்கத்தை முன்னிட்டுத் தெருவுக்கு ஒரு சாட்சி வேண்டும் என்றார்கள். மேலத்தெரு சார்பில் பாண்டித்துரை கையெழுத்திட்டார். கையெழுத்திடும்போது அப்பாவின் ஞாபகம் வந்ததாகச் சொன்னார். கீழத்தெரு சார்பில் பேனா பிரபுவிடம் வந்தது. விழா சர்ச்சையில்லாமல் முடிந்தால் தினமும் லாரி விடுவதாகக் காலையில்தான் அவனிடம் வாக்குக் கொடுத்திருந்தார்கள். அவன் மீனம்மாளின் முகத்தைப் பார்க்காமல் போட்டான்.

"கோவிச்சுக்கிறாதீக அத்தே. ரெண்டு தெருவுக்கும் தண்ணி வரணும்ல."

ஐம்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊரே எதிர்த்து நின்றபோது அவளுக்குப் பின்னால் நாற்பத்திரண்டு பேர் நின்றார்கள். இன்றைக்கு ஊரே மாலை போட்ட இடத்தில் ஒருத்தியாக நின்றாள்.

"நீ என்னம்மா சொல்றே?" என்றார் காவலர்.

"நல்லாத் தெளிவா எழுதிக்கங்க. தேதி போடுங்க. அடுத்த விழாவுக்கு அத்தாட்சி கேப்பாக."

வயதை முன்னிட்டு அவளைக் கைது செய்யவில்லை. குடத்தை மட்டும் வழக்குக்குச் சாட்சிப் பொருள் என்று எடுத்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலை லாரி வந்தது. வாக்குக் கொடுத்தபடி வந்தது. நினைவிடத்து வாசலில் நின்றது. மேலத்தெரு, கீழத்தெரு என்ற வேறுபாடு ஏதுமின்றி ஒரே வரிசை. பாண்டித்துரை வீட்டிலிருந்தும் தள்ளுவண்டியில் எட்டுக் குடம் வந்திருந்தது. ஆளுக்கு அவசரம், இடி, தள்ளு. மீனம்மாளும் போனாள். அவளிடம் குடம் இல்லை. வாசலோரம் வெறுங்கையோடு நின்றாள்.

கனகலட்சுமி தன் முறை வந்து குடத்தை நிரப்பிக்கொண்டு திரும்பினாள். மீனம்மாள் நிற்பதைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. நல்லவள்தான். பக்கத்தில் வந்து குடத்தை உயர்த்திப் பிடித்துச் சாய்த்தாள்.

"அய்யோ மீனம்மா, குடத்தப் புடுங்கிட்டுப் போயிட்டாகளாமே. கைய ஏந்து, ஊத்துறேன். குனிஞ்சு குடி."

மீனம்மாளின் கை தானாக மேலே வந்தது. தாகம் அப்படி. பாதியில் நிறுத்தி, கையைக் கீழே போட்டாள்.

"குடத்தக் கீழ வையி தாயி. நானே மோந்துக்கிறேன்."

கனகலட்சுமி குடத்தைச் சாய்த்த நிலையிலேயே நின்றாள். உடனே கீழே வைக்கவில்லை. குடத்தைப் பார்த்தாள். மீனம்மாளின் கையைப் பார்த்தாள். பிறகு என்ன செய்வது என்று கேட்பதுபோல வரிசையைத் திரும்பிப் பார்த்தாள்.

வரிசையில் நின்ற இரண்டு தெருவும், பிரபு உட்பட, அந்த நேரம் பார்த்து இருபதடிக் குடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.